கர்ப்பத்தில் ஆர்சனிக் கலந்த தண்ணீர் குடித்திருந்தால் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி குறையுமா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார். மகளுக்கு ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு மேற்கு வங்காளத்தில் நாடியா மாவட்டத்தில் வேலை. இரண்டு வருஷமாக வாடகை வீட்டு அடிபம்புத் தண்ணீரைத்தான் குடித்தார்கள், சமைத்தார்கள். அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் போய்விடுமா, தாய்ப்பால் கொடுக்கலாமா, இங்கே நம் வீட்டு போர் தண்ணீரை நம்பலாமா என்பது அவர் கவலை.

ஆச்சி, தாய்ப்பால் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் தப்பு முடிவு எடுக்க வாய்ப்பு அதிகம். தாராளமாகக் கொடுக்கலாம். சீம்பாலிலிருந்து ஆரம்பித்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். உடம்பில் ஆர்சனிக் ஏறிய தாயின் பாலில்கூட அது மிகச் சொற்பமாகத்தான் இறங்குகிறது. வங்கதேசத்தில் நிறைய ஆர்சனிக் உள்ள தண்ணீர் குடித்த தாய்மார்களின் பாலை அளந்தபோது, பெரும்பாலும் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் அளவுதான் இருந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளின் சிறுநீரிலும் அது குறைவாகவே இருந்தது. அதே தண்ணீரில் பால்பவுடரைக் கலந்து கொடுத்திருந்தால், பம்பில் இருக்கும் ஆர்சனிக் அப்படியே குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கும்.

ஆனால் வயிற்றில் இருக்கும்போது நிலைமை வேறு. நஞ்சுக்கொடி ஆர்சனிக்கைத் தடுப்பதில்லை. அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலைக் கிராமங்களில் தாயின் ரத்தத்தையும் தொப்புள்கொடி ரத்தத்தையும் சேர்த்து அளந்தார்கள். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், பிரசவத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதைவிட இந்த வாரம் மகள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள் என்பது முக்கியம். ஏழாம் மாதம் அழைத்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போன் போட்டு, அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவும் உலை வைக்கவும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். குளிக்க, துணி துவைக்க அது போதும், தோல் வழியாக மிகக் குறைவாகத்தான் உள்ளே போகும்.

"காய்ச்சிக் குடிக்கிறோமே" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் மிஞ்சியதில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி போல இருக்கும் ஃபில்டரும், புற ஊதா விளக்கு வைத்த மெஷினும் இதற்கு உதவாது. நல்ல நிலையில் இருக்கும் ஆர்.ஓ. மெஷின் நிறையக் குறைக்கும். ஆனால் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றை ஆர்.ஓ. அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே வெளியே வரும் தண்ணீரையும் சோதித்துப் பார்த்தால்தான் நம்பலாம். சுத்திகரித்த ஆற்று நீர் குழாயில் வருகிறதென்றால் அதுதான் நல்லது. அங்கே பொதுவாக 100 மீட்டருக்குள் இருக்கும் நீர்மட்டத்தில்தான் தொல்லை அதிகம், 150 மீட்டருக்குக் கீழே போன ஆழ்குழாய்களில் பெரும்பாலும் குறைவு.

இனி எதிர்ப்புச் சக்திக்கு வருகிறேன். "இல்லாமல் போய்விடுமா" என்று கேட்டீர்கள். போகாது. அறிந்தவரை ஆர்சனிக் அதை அணைப்பதில்லை, திரியைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கிறது என்பது தண்ணீரில் எவ்வளவு இருந்தது, எத்தனை மாதம் குடித்தார்கள், தாயின் உடம்பில் சத்து எப்படி என்பதைப் பொறுத்தது.

இதை ரொம்பப் பொறுமையாகப் பார்த்த இடம் வங்கதேசத்தின் மத்லப். 1970களில் குளத்துத் தண்ணீரால் வாந்திபேதியில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோது, கிருமியில்லாத தண்ணீர் என்று ஊர் ஊராக அடிபம்பு இறக்கினார்கள். கிருமி இல்லைதான், அடியில் ஆர்சனிக் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. நம் பக்கம் மேற்கு வங்காளத்தில் 1983இல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, நோயாளிகளின் உள்ளங்கையில் மிளகு மிளகாகத் தடித்திருந்ததையும் உடம்பில் மழைத்துளி தெறித்தது போலப் புள்ளி விழுந்திருந்ததையும் பார்த்துத்தான் இது தண்ணீரால் வந்தது என்று கண்டுபிடித்தார். பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி பல வருஷம் கிராமம் கிராமமாகப் போய் அளந்தார். அப்போது எல்லோருடைய கண்ணும் தோல் மேல், பிறகு புற்றுநோய் மேல். கைக்குழந்தையின் சளியை யாரும் தண்ணீரோடு சேர்த்து யோசிக்கவில்லை.

மத்லபில் 2001இலிருந்து கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, அவர்களுடைய சிறுநீரில் ஆர்சனிக்கை அளந்து, பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். அதில் 1,552 குழந்தைகளின் முதல் வருஷத்தை எழுதிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. மிக அதிகம் இருந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மார்களின் பிள்ளைகளையும், மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளையும் ஒப்பிட்டால், நெஞ்சுக்குள் இறங்குகிற சளிக் காய்ச்சல் 69 சதவீதம் கூடுதல், அதில் கடுமையானது 54 சதவீதம் கூடுதல், வயிற்றுப்போக்கு 20 சதவீதம் கூடுதல். கீழ்க்கோடியில் இருப்பவர்களுக்குப் பத்து தடவை நெஞ்சுச் சளி வந்தால் மேல்கோடியில் இருப்பவர்களுக்குப் பதினேழு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மேல்கோடித் தாய்மார்களின் சிறுநீரில் லிட்டருக்கு 262 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது, கீழ்க்கோடியில் 39க்கும் கீழே. உங்கள் மகள் இதில் எந்தப் பக்கம் என்பது அளந்தால்தான் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது? நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நமக்கெல்லாம் அது சுருங்கிக் கொழுப்பாகிப் போயிருக்கும். பிறந்த குழந்தைக்கோ அது நல்ல பெரிசு, ஸ்கேன் கருவியை நெஞ்சின் மேல் வைத்தாலே இதயத்துக்கு மேலே சாம்பல் நிற மடலாகத் தெரியும். டி செல் என்கிற வெள்ளை அணுக்கள் எது தன் உடம்பு, எது அந்நியன் என்று பாடம் படிப்பது அங்கேதான். மத்லபில் குழந்தைகளின் தைமஸை இப்படி ஸ்கேனில் அளந்தார்கள். தாயின் சிறுநீரில் ஆர்சனிக் கூடக் கூட, பிள்ளையின் தைமஸ் சிறிதாக இருந்தது. இன்னொரு ஆய்வில் நஞ்சுக்கொடியையே வெட்டிப் பார்த்தார்கள். அதிலும் டி செல்கள் குறைந்திருந்தன, செல்லின் மரபுப்பொருளில் ஆக்சிஜன் அரித்த தடயம் கூடியிருந்தது. ஆர்சனிக் புரதங்களில் இருக்கும் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதங்கள்தான் செல்லைத் துருப்பிடிக்காமல் காப்பவை, செல்களுக்குள் செய்தி கடத்துபவை. வேகமாகப் பெருக வேண்டிய செல்களுக்கு இதனால் அடி அதிகம். எதிர்ப்பு அணுக்களைப் போல வேகமாகப் பெருகுவது உடம்பில் வேறு அதிகம் இல்லை.

இந்த இடத்தில் தாய்ப்பாலைப் பற்றி இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே மத்லப் ஆய்வில், ஆர்சனிக் கூடுதலாக இருந்த தாய்மார்களின் பாலில் இரண்டு பொருள்கள் குறைந்திருந்தன. ஒன்று லாக்டோஃபெரின், இரும்பைக் கட்டிவைத்துக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்வது. இன்னொன்று இன்டர்லூக்கின்-7, டி செல்கள் வளரத் தேவையானது. ஆக, பாலில் நஞ்சு இறங்காவிட்டாலும் பாலின் காவல் பலம் ஓரளவு குறைகிறது. இதைப் படித்துவிட்டுப் பாலை நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். காவல் கொஞ்சம் குறைந்த தாய்ப்பாலில் இருப்பதில் ஒரு பங்குகூடப் பவுடர் பாலில் கிடையாது.

தாய்க்கு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கர்ப்பத்தில் பெண்ணின் எதிர்ப்புச் சக்தி இயல்பாகவே கொஞ்சம் தணிந்துதான் இருக்கும், இல்லையென்றால் பாதி அந்நியமான பிள்ளையை உடம்பு ஏற்காது. அந்த நேரத்தில் ஆர்சனிக்கும் சேர்ந்தால் கிருமிக்கு வழி திறக்கிறது. வங்கதேசக் கர்ப்பிணிகளிடம், ஆர்சனிக் அதிகம் உள்ளவர்களுக்கு ஹெபடைடிஸ் இ தொற்று கூடுதலாக வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அது அசுத்தத் தண்ணீரால் வரும் மஞ்சள்காமாலை. மற்றவர்களுக்குத் தானாகச் சரியாகும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உயிருக்கே ஆபத்து. ஆகவே பம்பை நிறுத்திவிட்டு, காய்ச்சாத குளத்து நீருக்கோ தெருவில் விற்கும் ஜூஸுக்கோ மாறிவிடக்கூடாது. மகளுக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

குறைந்த அளவில் பயமில்லையா என்றால், அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷையரில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்த கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். வங்கதேசத்தோடு ஒப்பிட்டால் அங்கே அளவு மிகக் குறைவு. அப்படியும் தாயின் சிறுநீரில் ஆர்சனிக் கூடிய இடத்தில் குழந்தைக்கு மருந்து கொடுக்க வேண்டிய அளவு தொற்றுகள் கூடியிருந்தன. மறுகோடியில் சிலி நாட்டின் அந்தோஃபகாஸ்தா நகரம். 1958 முதல் 1970 வரை அங்கே குழாயில் வந்த தண்ணீரிலேயே லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. பிறகு சுத்திகரிப்பு நிலையம் வந்தது, அளவு சரிந்தது. ஆனால் அந்த வருஷங்களில் கருவில் இருந்தவர்கள் 30 முதல் 49 வயதுக்குள் மூச்சுக்குழாய் விரிவு நோயால் இறந்தது எதிர்பார்த்ததைவிட 46 மடங்கு. இறந்தவர்களின் எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் அந்த விகிதத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கருவில் பட்டது பிறந்த உடனே தெரியாமலும் போகலாம், அதனால் பிள்ளையின் நெஞ்சை நாம் வருஷக்கணக்கில் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நல்ல செய்தியும் இருக்கிறது. குடிப்பதை நிறுத்தினால் ஆர்சனிக் உடம்பில் ரொம்ப நாள் தங்காது. கல்லீரல் அதில் மீதைல் சேர்த்து உருமாற்றும், சிறுநீரில் போய்விடும். சில நாட்களிலேயே பெரும்பகுதி வெளியேறும். கர்ப்பத்தில் இந்த வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடக்கிறது. இதற்குத் தேவையான சரக்கு ஃபோலிக் அமிலம். வங்கதேசத்தில் ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) குறைவாக இருந்த பெரியவர்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைப் பன்னிரண்டு வாரம் கொடுத்ததில் ரத்தத்து ஆர்சனிக் சுமார் 14 சதவீதம் இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் சேர்ந்தேதான் வருகிறது. "குமட்டுது" என்று அதை அலமாரியில் வைத்துவிடுகிற பெண்கள்தான் அதிகம். மகளை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகாவது போட வையுங்கள். முருங்கைக்கீரை, பாசிப்பயறு, முட்டை எல்லாம் கூடச் சேரட்டும்.

சோதனை விஷயம். சிறுநீரில் பார்த்தால் கடைசி சில நாட்களின் கணக்கு மட்டும்தான் தெரியும். இங்கே வந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சுத்தமாக வரும், அதை வைத்து அங்கே ஒன்றும் படவில்லை என்று நினைத்துவிடக்கூடாது. பழைய கணக்கு நகத்திலும் முடியிலும்தான் இருக்கும். இன்னொன்று, நம் வீடுகளில் மகள் வந்த மறுநாளே தொண்டியிலிருந்து வந்த நண்டும் இறாலும் அடுப்பில் ஏறிவிடும். கடல் உணவில் ஆர்சனோபீட்டைன் என்று ஒரு வகை ஆர்சனிக் உண்டு. அது கெடுதல் இல்லாதது, ஆனால் மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளக்கும் சோதனையில் அதுவும் சேர்ந்து அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். சிறுநீர் கொடுப்பதற்கு முன் நான்கு நாள் மீன், நண்டு, இறால் வேண்டாம்.

இனி நம்மூர் போர் தண்ணீர். வங்காளத்துக் கதை அந்த மண்ணின் கதை. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய இளம் வண்டல், அதோடு மக்கிய செடிகொடி. அந்த மக்கைத் தின்னும் நுண்ணுயிரிகள் காற்றில்லாத இடத்தில் இரும்புத் துருவைக் கரைக்கின்றன, துருவில் ஒட்டியிருந்த ஆர்சனிக் தண்ணீருக்கு வருகிறது. நம் செட்டிநாட்டின் அடியில் இருப்பது பெரும்பாலும் பழைய பாறையும் செம்புறாங்கல்லும். நமக்கு உப்பும் கடினத்தன்மையும்தான் தினசரி வழக்கு. அந்த வங்காளப் பயத்தை அப்படியே பள்ளத்தூருக்கு இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் மண்ணை வைத்து ஊகிப்பது ஒன்று, நம் வீட்டுக் குழாயை அளப்பது வேறு.

தண்ணீர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால், என் மருமகள் உண்டாகியிருந்தபோது தேவகோட்டை வீட்டுத் தண்ணீரைச் சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தேன். சின்ன பாட்டிலில் தண்ணீர், அதில் இரண்டு பொட்டலம் பொடி. மூடிக்குள் வெள்ளைக் காகிதத் துண்டு. மூடியதும் சோடா போலப் பொங்கும். ஆர்சனிக் இருந்தால் அது வாயுவாக மேலே வந்து காகிதத்தை மஞ்சளாக்கும், நிறைய இருந்தால் பழுப்பாக்கும். முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். மூடியைத் திறந்தால் காகிதம் போட்டபடியே வெள்ளையாக இருந்தது. அப்படியும் ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினேன். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் இந்திய தர நிர்ணய அமைப்பும் வைத்திருக்கும் வரம்பு, அந்தப் பக்கத்தில் காகிதத்தின் நிறத்தைக் கண்ணால் நம்ப முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீர் கொடுக்கும்போது ஆர்சனிக் என்று தனியாகச் சொல்லிக் கேளுங்கள். சும்மா "தண்ணி டெஸ்ட்" என்றால் உப்பும் கடினத்தன்மையும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். நம் பழைய வீடுகளில் முற்றத்து மழைநீரைக் கிடாரத்தில் பிடித்து வைப்பார்களே, அந்த நீரில் ஆர்சனிக் பயமே இல்லை. காய்ச்சி ஆறவைத்தால் கர்ப்பிணிக்கு அருமையான தண்ணீர்.

அரிசி பற்றியும் ஒரு வார்த்தை. தேங்கிய நீரில் வளர்வதால் நெல், மற்ற தானியங்களைவிட ஆர்சனிக்கை அதிகம் இழுக்கும், தவிட்டில் கூடுதலாக இருக்கும். அதனால் கவுனி அரிசி போன்ற தவிட்டோடு உண்ணும் அரிசிகளைக் கர்ப்பத்தில் தினசரி உணவாக்க வேண்டாம், விசேஷத்துக்குச் செய்வதைச் சாப்பிடட்டும். மற்றபடி குக்கரை விட்டு, நிறையத் தண்ணீர் வைத்துச் சோறு வடியுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு நல்ல தண்ணீர் வைத்து வடித்தால் கெடுதலான ஆர்சனிக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கஞ்சியோடு போய்விடும் என்று அளந்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு அரிசிக் கூழை மட்டுமே கொடுக்காமல் கேழ்வரகையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

அப்புறம், நாட்டு மருந்து. நவபாஷாணம் தெரிந்த ஊர்க்காரர்களுக்குப் பாஷாணம் என்ற சொல் புதிதல்ல. வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை மூன்றும் ஆர்சனிக்கின் கூட்டுப்பொருள்கள்தான். கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்றவளுக்கோ, என்ன சேர்த்தது என்று தெரியாத செந்தூரமோ பற்பமோ யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். சுக்கும் மிளகும் போட்ட பிரசவ மருந்தை நான் சொல்லவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு தடுப்பூசியில் ஒரு நாளும் பிசகக்கூடாது. வங்கதேசத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம், ஆர்சனிக் பட்டவர்களுக்குத் தொண்டை அடைப்பான் ஊசிக்கான எதிர்ப்பொருள் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். ஊசி பலிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, ஊக்கத் தவணைகளைத் தவறவிடக்கூடாது என்று அர்த்தம். முதல் வருஷம் சளி பிடித்தால், தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60ம் அதற்கு மேலும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50ம் அதற்கு மேலும் வந்தால், அல்லது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். கர்ப்பத்தில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தாள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள், கேட்கமாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு அந்தப் பம்புத் தண்ணீரில் ஆர்சனிக் எவ்வளவு என்ற அளவு கையில் இருந்தால் நல்லது. மேற்கு வங்காளத்தில் பொது சுகாதாரப் பொறியியல் துறைக்கு ஆர்சனிக் பார்க்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. வீட்டைக் காலி செய்வதற்கு முன்பாக, அந்தப் பம்பை ஐந்து நிமிஷம் அடித்து விட்டு, வருகிற தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, தேதியை மேலே எழுதி, மாப்பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை மகளின் பிரசவ ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.